அரிக்கன்சட்டியில் டங்ஸ்டன்

மலையடிச் சுரங்கத்தில் நாட்டுக்கே வேண்டிய டங்ஸ்டன் தாது மணலோடு கலந்து கிடந்தது. பிரிக்கிற இயந்திரமோ படுத்துவிட்டது. "மதியத்துக்குள் ஒரு பிடியாவது காட்டுங்கள், இல்லையென்றால் மூடிவிடுவேன்" என்று பெரிய அதிகாரி வந்து நின்றார். மூடினால் சமையல்காரி அங்காயிக்கும் வேலை போச்சு.

"அது மணலைவிடக் கனமா சார்?" என்று மேலாளர் குலசேகரனைக் கேட்டாள்.

"ரொம்பக் கனம். ஜெர்மனி இயந்திரத்தாலேயே முடியலை. நீ போய் உலையைப் பாரு!"

அங்காயி அரிசியில் கல் நீக்கும் அரிக்கன்சட்டியை எடுத்து, மணலை அள்ளிப் போட்டுத் தண்ணீர் விட்டு அலசி அலசிச் சாய்த்தாள். மணல் ஓடிப்போக, அடியில் தாது கருங்குருணையாய் மின்னியது.

"சுரங்கம் நடக்கட்டும்!" என்றார் அதிகாரி.

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்று முனகினார் மேலாளர்.

"ஆமாங்க சார். மூணு மாசமா என் சோத்துல உங்க பல்லுக்கு ஒரு கல்லுகூட அகப்படலையே, அதுவும் அதிர்ஷ்டந்தான்!"