நரி வளர்த்த புது முதலை

ஆறு கடலில் சேரும் இடத்தில், காட்டோரமாக ஒரு குட்டை. வெள்ளம் வடிந்தபோது இரண்டு முதலைகள் அதில் மாட்டிக்கொண்டன. ஒன்று ஆற்று முதலை வண்டலி. மற்றொன்று உப்புநீர் முதலை உவரன். நரி ஓடி வந்து, குட்டையிலிருந்து ஆற்றுக்குப் போகும் வாய்க்காலை மூங்கில் படலால் அடைத்துவிட்டது. "முதலை பாருங்கள்!" என்று காட்சியும் வைத்தது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மீன் கொண்டுவர வேண்டும். நரி உட்கார்ந்த இடத்தில் தின்றது.

மூன்றே மாதத்தில் கூட்டம் குறைந்தது. "பார்த்த முதலையையே எத்தனை தரம் பார்ப்பது?" என்றது முயல். நரிக்கு வயிறு காய்ந்தது. முதலைகளிடம் போய் நின்றது.

"யாரும் பார்த்திராத புதுமாதிரிக் குட்டி ஒன்றை இரண்டு பேரும் பெற்றுக் கொடுங்கள். படலைத் திறந்துவிடுகிறேன்."

மேலே கிளையில் இருந்த காகம் கேட்டது. "அது நடக்குமா?"

"நடக்கும். ரெண்டும் முதலைதானே."

"நடந்த பிறகு?"

"பிறகென்ன, மீன்தான்!"

வண்டலிக்கு ஆற்று நினைப்பு. உவரனுக்கு அலையாத்திக் காட்டு நினைப்பு. இரண்டும் சம்மதித்தன.

முட்டையிடும் நாள் வந்தது, கூடவே சண்டையும் வந்தது. வண்டலி மணலில் குழி தோண்டியது. உவரன் திகைத்துப்போனது.

"புதைக்கவா போகிறாய்? எங்கள் பக்கம் புல்லும் தழையும் மேடாகக் குவித்து அதற்குள் வைப்பார்கள்."

"என் பிள்ளை குப்பைமேட்டிலா? நன்றாயிருக்கிறது!"

நரி பஞ்சாயத்துக்கு வந்தது. "பாதிக் குழி, பாதிக் குவியல். முடிந்தது விவகாரம்."

அப்படியே செய்தன. மழை பெய்து குழியில் நீர் தேங்கியது. இருபது முட்டையில் ஒன்றுதான் பொரிந்தது.

நரி சொன்னபடி படலைத் திறந்தது. "குட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், போங்கள்" என்றது. வண்டலி இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. நரி படலை மறுபடி அடைத்தது.

புதுக் குட்டியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. குட்டியோ தாயையும் மிஞ்சி வளர்ந்தது, தகப்பனையும் மிஞ்சி வளர்ந்தது. வந்த மீனையெல்லாம் தின்றது. நரியின் பங்கையும் தின்றது. ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்த ஆட்டின் தாடியை எட்டிக் கவ்வியது. ஆடு பாதித் தாடியோடு தப்பியது. அன்றோடு கூட்டம் போயிற்று.

இப்போது நரியே சேற்றில் இறங்கி மீன் பிடித்துப் போட்டது. விலா எலும்பு தெரிய இளைத்துப்போனது.

"அண்ணே, முதலைக்கு அறுபது, எழுபது வயசுவரை ஓடுமாமே?" என்றது காகம்.

நரி ஓடிப்போய்ப் படலைப் பிடுங்கி எறிந்தது. "போ ராசா, போ. ஆறும் உனக்கு, கடலும் உனக்கு!"

முதலை நகரவில்லை.

"ஆறு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. கடல் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. மீன் வருகிற பக்கம் மட்டும் தெரியும், மாமா. அது உன் பக்கம். மணியாகிறது, கிளம்பு."

நரி மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்கு நடந்தது.

ஓர் உயிரைப் புதிதாக உண்டாக்க முடியுமா என்று கேட்பவர், அதைக் கடைசிவரை காக்க முடியுமா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.