யாக்கோபின் கட்டு

கை அது பாட்டுக்கு முருங்கைக்கீரை ஆயட்டும். நான் இதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மேல்மாடியில் சலோமி கார்டு கடை வைத்திருக்கிறாள். பாம்பு, பறவை, தீ என்று படம் போட்ட கார்டுகள். வாங்கி வாங்கிச் சேர்த்து, அதில் தேவையானதைப் பொறுக்கி, ஆளுக்கு அறுபது கார்டில் ஒரு கட்டு தயார் பண்ணிக்கொண்டு வந்து மோதுவார்கள். சலோமியை ஜெயிக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது.

இசக்கிராஜா அவளைவிடப் பத்து வயசாவது மூத்தவர். ஆனாலும் ஆட்டம் படித்தது அவளிடம். 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். அவள் 'அண்ணே' என்பாள்.

ஆடி மாசம் இசக்கிராஜாவின் கூட்டாளி யாக்கோபு பைபாஸில் லாரி மோதிப் போய்விட்டார். அதிலிருந்து இவர் தன் கட்டைத் தொடுவதில்லை. யாக்கோபின் கட்டை வைத்துத்தான் ஆடுகிறார். போன இடமெல்லாம் தோல்வி.

"மியூசியம் வந்துட்டு, டிக்கெட் எடுங்கடே" என்று அந்தப் பழைய கட்டைப் பார்த்து மற்ற ஆட்டக்காரன்கள் காதுபடவே சிரிப்பான்கள்.

அன்றைக்கு சனிக்கிழமை. மறுநாள் தேர்வு ஆட்டம், அதில் தோற்றால் மெட்ராஸ் போட்டிக்குப் போக முடியாது. அவரும் யாக்கோபுமாகப் போகலாம் என்று பேசி வைத்திருந்த போட்டி அது. யாக்கோபின் கட்டையாவது அங்கே கொண்டு சேர்த்துவிடணும். அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

"ஒண்ணு கேக்கணும் மாஸ்டர். அவன் கையில ஜெயிச்ச கட்டு. என் கையில மட்டும் ஏன் தோக்குது?"

"கட்டை விரிங்கண்ணே."

விரித்தார். சலோமி ஒரு கார்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது எதுக்கு?"

"பாம்பை அடக்க. அந்த பென்னட் பாம்பை வெச்சே எங்களை அடிப்பாம்லா, அவனுக்குன்னே யாக்கோபு போட்டது."

"பென்னட் இப்பவும் பாம்பா ஆடுதான்?"

"அவன் தீபாவளிக்கே பறவைக்கு மாறிட்டாம்லா. இப்ப எல்லாப் பயலும் பறவைதான்."

"பறவையை இது என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது."

"எடுத்துருவமா?"

இசக்கிராஜா சட்டென்று ரெண்டு கையாலும் கார்டுகளை மூடிக்கொண்டார்.

"அவன் கையால வெச்சது மாஸ்டர். இதுல ஒண்ணைக்கூட மாத்த மாட்டேன். மாத்திட்டா அப்புறம் அவன் எங்க இருக்கான், சொல்லுங்க?"

சலோமி அவர் விரல்களைப் பார்த்தாள். பிறகு அதுகளுக்கு அடியிலிருந்து அந்த ஒரு கார்டை மட்டும் மெல்ல எடுத்தாள். எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"என்ன பண்ணுதிய? அறுபது இல்லாட்டி நாளைக்கு என்னை உக்காரவே விடமாட்டானுவ!"

"விடமாட்டாங்க."

"வேண்டாம் மாஸ்டர். திரும்ப வெச்சிருங்க." பெரிய மனுசன், சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினார்.

அவள் வைக்கவில்லை. உதிரிக் கார்டுப் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் தள்ளினாள்.

"யாக்கோபண்ணன் ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படிக் குறைஞ்ச கட்டோடதான் இங்க வந்து நிப்பாவ. 'இந்த வாரம் எதைப் போடலாம் சலோமி'ன்னு கேப்பாவ."

இசக்கிராஜாவின் ஒரு கை சட்டைப் பையை அழுத்திப் பிடித்திருந்தது. இன்னொரு கை பெட்டி ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அதுக்கப்புறம் அவர் – இந்தா வாறேன் அத்தை, பிள்ளை முழிச்சிட்டானா – அவர் அந்தப் பெட்டிக்குள்ள கையை விட்டார்.