மூன்று பேர் திறந்த கதவு

ஒரு கல்யாண மண்டபம், ஒரு பூட்டு, ஒருவருக்கு உதவ நினைத்த மூன்று பேர். கதை இவ்வளவுதான். யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் கொஞ்சம் கவனித்துக்கொண்டே படியுங்கள்.

செழியன் ஒரு திருநம்பி. பெண் பிள்ளை என்று சொல்லி வளர்த்தார்கள். தான் ஆண் என்பது அவருக்குச் சிறு வயதிலேயே தெரிந்திருந்தது. மீசை வந்து, கைலியும் தோளில் துண்டுமாக உலகநாதன் மாஸ்டரின் கல்யாணச் சமையல் கோஷ்டியில் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவர் விஷயம் கோஷ்டியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மாஸ்டர். இன்னொருவர் காய் நறுக்கும் சண்முகத்தாய்.

அடுப்பு வேலையில் செழியன் கெட்டிக்காரர். ஆனால் விடிந்ததிலிருந்து பந்தி முடியும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார். மண்டபங்களில் ஆண்கள் பக்கம் கழிப்பறை என்று வரிசையாக நின்று போகிற இடம்தான் இருக்கும். கதவு வைத்த அறை ஒன்று இருந்தாலும் அதில் பூட்டு தொங்கும். குடித்தால்தானே போக வேண்டும் என்று அவர் குடிப்பதையே விட்டுவிட்டார். அதனால் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து, போன கல்யாணத்தில் அடுப்பின் முன்னாலேயே மயங்கி விழுந்தார்.

மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஏல, பக்கத்துல எண்ணெய்ச் சட்டி கொதிக்கி. இன்னொரு தடவை விழுந்தியன்னா உன்னைக் கூட்டிட்டு வர மாட்டேன்."

அடுத்த கல்யாணம் சங்கரன்கோவில் பக்கம் ஒரு பழைய மண்டபத்தில். பாயசத்துக்கென்று பேச்சிமுத்து என்பவரை வெளியூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். செழியனை அவர் அன்றுதான் முதல் தடவை பார்க்கிறார். காலைப் பலகாரம் முடிந்ததும் செழியன் பின்பக்கம் போய், பூட்டிய கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். யாரோ நீட்டிய தண்ணீர்த் தம்ளரை வாங்கி, குடிக்கிற மாதிரி தூக்கி, சுவரோரம் கவிழ்த்தார். பாயசம் கிண்டிக்கொண்டிருந்த பேச்சிமுத்து இரண்டையும் பார்த்தார். 

முதலில் எழுந்தது சண்முகத்தாய். "முகமெல்லாம் வெளுத்துப் போச்சே! பொம்பளைங்க பக்கம் வாய்யா. வாசல்ல நான் நிக்கேன், ஒரு ஈ உள்ள வராது" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். கல்யாணப் பெண்ணின் அத்தை எதிரே வந்துவிட்டார். "மீசைக்காரனுக்கு இங்க என்ன வேலை?" என்று அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரரே வாசிப்பை நிறுத்தினார். சண்முகத்தாய் மல்லுக்கு நின்றார். செழியன் தலையைக் குனிந்தபடி அடுப்புக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்தவர் மாஸ்டர். மாடியில் மாப்பிள்ளை அறையோடு சேர்ந்த குளியலறை இருந்தது. மாப்பிள்ளையின் மாமாவைத் தனியாக அழைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லிச் சாவி கேட்டார். மாமா நல்ல மனிதர். தானே படியிறங்கி வந்து, "தம்பி, கூச்சப்படாதீங்க. நானும் பேப்பர்ல படிச்சிருக்கேன்" என்று பத்துப் பேர் பார்க்கச் சாவியைக் கொடுத்தார். செழியன் போய் வந்தார். இறங்கும்போது படியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்தவர் அதற்குப் பிறகும் தண்ணீர்ப் பானைப் பக்கம் போகவில்லை. சாதம் வடிக்கும்போது கால் தள்ளாடியது.

பேச்சிமுத்து கரண்டியை வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டப மேனேஜரிடம் ஓடினார்.

"ஐயா, வயித்தால போகுது! பின்பக்கக் கதவைத் திறங்க!"

"உள்ள ஜமுக்காளம் வச்சிருக்கேன். திறக்க முடியாதுவே."

"அப்ப உம்ம நாற்காலியிலேயே உட்காந்துருதேன்."

மேனேஜர் சாவியோடு பறந்தார். ஜமுக்காளங்கள் வெளியே வந்தன. "இது நிக்கிற வயிறா தெரியல. சாயங்காலம்வரை பூட்டாதீரும்" என்றார் பேச்சிமுத்து. பூட்டு அப்படியே திறந்து தொங்கியது. மாப்பிள்ளையின் தகப்பனார் போனார், மேளக்காரர் போனார், நடுவில் செழியனும் போனார். திரும்பி வந்து பானையில் மொண்டு, நின்றபடியே இரண்டு சொம்பு குடித்தார்.

ஆனால் சமையல்காரனுக்கு வயிறு கெட்டால் அவன் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. மாஸ்டர் பேச்சிமுத்துவின் கரண்டியைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்து, அவரைப் பாத்திரம் கழுவ அனுப்பினார். "அண்ணாச்சி, உம்ம பாயசத்தை நீரே ருசி பாத்தீராக்கும்!" என்று கோஷ்டி முழுக்கச் சிரிப்பு. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு மூன்று கரண்டி பாயசம் சாப்பிட்டார். மோருக்குப் பச்சை மிளகாயும் கேட்டு வாங்கினார்.

சண்முகத்தாய் செழியனுக்காகச் சண்டை போட்டார். மாஸ்டர் உண்மையைச் சொல்லி, இருப்பதிலேயே நல்ல அறையை வாங்கித் தந்தார். பேச்சிமுத்து பொய் சொன்னார். மூவருக்கும் நல்ல மனசுதான். சரியாகச் செய்தவர் யார்?

விடை: என் மனைவி இருந்தவரை மாஸ்டர் பக்கம்தான் பேசுவாள். உண்மையைச் சொல்லிக் கேட்டதில் என்ன தப்பு என்பாள். அந்த உண்மை செழியனுடையது, அதை எடுத்துக் கொடுக்க மாஸ்டருக்கு உரிமை இல்லை என்பேன் நான். சண்முகத்தாய் காட்டிய வாசலில் நுழைய செழியன் தான் ஆண் என்பதையே மறுக்க வேண்டியிருந்தது. பேச்சிமுத்து, காரணம்கூடக் கேட்காமல், தன் பெயரைத்தான் கெடுத்துக்கொண்டார். அவர் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்தது. அதனால் செழியனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு கெட்டவருக்குப் பாயசமும் பச்சை மிளகாயும் எப்படி இறங்கும் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மாஸ்டரும் கவனித்தார். அதன்பிறகு எந்த மண்டபத்துக்குப் போனாலும் விறகு, தண்ணீர் விசாரிக்கும் முன்பே, "ஆம்பளைங்க பக்கம் கதவு வச்ச ரூமைத் திறந்து வச்சிரணும்" என்பார். ஏன் என்று கேட்டால், "எங்க ஆளுங்க வயிறு எப்ப எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது." எந்த மேனேஜரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை.