வெளிக்கதவுக்கு அப்பால் தவமணி

சரக்கு விண்கலத்தில் வெல்டர் தவமணிக்கு நடந்தது அநியாயம். சொன்ன வேலையைச் செய்ததுதான் அவர் குற்றம். வெளியே போய் ஓட்டையை அடைத்துவிட்டு வந்தவர், திறக்கச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். திறக்க வேண்டுமென்றால் எஞ்சினை மறுபடி நிறுத்த வேண்டும். நேரமாகிவிடும் என்று கேப்டன் ரங்கபாஷ்யம் யாரையும் திறக்க விடவில்லை.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேப்டன், சமையல்காரி செவந்தியிடம் ஒரு தாளை நீட்டினார்.

"வெளியே போன நிமிஷமே செத்துட்டான்னு எழுதியிருக்கு. அவன் பெண்டாட்டிக்கு இதுதான் போகும். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீயும் போடு, இல்லேன்னா அடுத்த நிலையத்துல இறங்கிக்கோ."

செவந்தி பேனாவை வாங்கினாள்.

"போடறேன் சார். ஒரே ஒரு சந்தேகம். அண்ணன் உடனே செத்துட்டாருன்னா, நேத்து ரெண்டு மணி நேரம் ஸ்பீக்கர்ல பாட்டை அலற விட்டீங்களே, எந்தச் சத்தம் எங்க காதுல விழக்கூடாதுன்னு சார்?"