காட்டிலிருந்து பட்டிக்கு ஓர் அம்புக்குறி

கால்நடை மருத்துவர் பொங்கியண்ணனுக்கு ஐம்பத்து நாலு வயது. தன் மகளைவிட இரண்டே வயது மூத்த கணிதப் பேராசிரியை தில்ஷாத்திடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. மலையடிவாரத்து மாட்டுப் பட்டிகளில் மூன்று வருஷமாகக் கோமாரி. வாயும் குளம்பும் புண்ணாகிக் கன்றுகள் அவர் கண்ணெதிரிலேயே செத்திருந்தன.

காட்டிலிருந்து வரும் நோய்க்கு ஊசி போட்டு என்ன ஆகப்போகிறது என்று பாதிப் பேர் மாட்டைக் கொண்டுவருவதே இல்லை. அவருக்கும் அலுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவர் அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். நோயைக் கொண்டுவருவது காட்டெருமைதான் என்று எழுதினால் போதும், காட்டிலுள்ள அறுபத்திரண்டையும் சுட்டுவிடுவார்கள்.

நோய் பரவும் கணக்கைக் கச்சிதமாகத்தான் போட்டிருந்தார். தாளின் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பட்டி, காட்டிலிருந்து பட்டிக்கு ஓர் அம்புக்குறி.

“எத்தனையைச் சுட்டா நோய் நிக்குமுங்க மேடம்?”

மறுநாள் விடிந்ததும் தில்ஷாத் அவரைக் காட்டோரக் குட்டைக்கு அழைத்துப் போனார். மாடும் காட்டெருமையும் தண்ணீர் குடிக்க அங்கே அது ஒன்றுதான்.

“சேத்துல என்ன தெரியுது, டாக்டர்?”

முப்பது வருஷம் குளம்பு பார்த்தவரிடம் இதையா கேட்பது? அசட்டையாகக் குனிந்தார்.

“நேத்து மத்தியானம் நம்ம மாடு வந்த தடமுங்க. அதுக்கு மேல…”

இன்னும் கிட்டக் குனிந்தார்.

“அதுக்கு மேல?”

“காட்டெருமைத் தடம். நம்ம மாடு குடிச்ச பொறவுதான் அது வந்து குடிச்சிருக்குது.”

அவருடைய கணக்கை ஏற்றியிருந்த மடிக்கணினியை தில்ஷாத் அவரிடம் நீட்டினார். பொங்கியண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்து, பட்டியிலிருந்து காட்டுக்கும் ஓர் அம்புக்குறி போட்டார்.

முதலில் கணக்கிலிருந்து காட்டெருமைகளை அடியோடு எடுத்துப் பார்த்தார். நோய் நிற்கவில்லை. மாட்டிலிருந்து மாட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. அடுத்து, எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டதாக எண்ணை மாற்றினார். திரையில் பட்டியின் நோய்க் கோடு சரிந்தது. கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாத காட்டின் கோடும் தானாகவே சரியத் தொடங்கி, ஏழாவது மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு காட்டெருமையின் பக்கத்தில்கூடப் போகாமல் காடு முழுக்கக் குணமாகிவிட்டதே! எதிரே மரங்களைப் பார்த்தார். கண் கலங்கியது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஆனாலும் அவருக்குள் இருந்த பழைய வைத்தியர் லேசில் விடுவாரா?

“ஏனுங்க மேடம், பொழுது ஏறுனா நம்ம மாடு மறுபடி வந்து குடிக்கும். சாயங்காலம் அது வரும். அப்ப நோயை மொதல்ல குடுத்தது யாருங்க?”

“அதைச் சொல்ல என்கிட்ட கணக்கு இல்ல, டாக்டர். ஆனா ஊசி போடப் பிடிக்கணும்னா, யார் கழுத்துல நம்ம கயிறு கிடக்கு?”