பேரில்லா மீனின் காவல்

"ஆசானே, எனக்க மவ ஒம்பது நாளா எங்கிட்டப் பேச மாட்டேங்கா."

பாறைமேல் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்த பெர்க்மான்ஸ் ஆசான் நிமிர்ந்து பார்த்தார். எதிரே எப்ரேம். ஆசானைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி பெயர்க்க அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் ஆசான்தான். வித்தைக்கு ஏது வயசு?

"என்ன செய்தீரு?"

"கொச்சியில நர்ஸ் வேலண்ணு கடுதாசி வந்துது. பொம்பளப் பிள்ளையத் தனியா எப்பிடி விடுதது? வீட்டுல பூட்டி வச்சிருக்கேன். மாப்பிள பாத்து, கோயில்ல கல்யாண ஓலை ரெண்டு ஞாயிறு வாசிச்சாச்சு. வார ஞாயித்துக்கெழம மூணாம் ஓலை. அதும் வாசிச்சா கல்யாணந்தான்."

"அவ சம்மதிச்சாளா?"

"சோறும் திங்க மாட்டேங்கா," என்றார் எப்ரேம். பெண் பட்டினி கிடந்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் சோறு இறங்கும்?

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க ஆசானே. ஒங்க பேச்சக் கேப்பா."

"சொல்லுதேன். மொதல்ல முங்கும்."

முங்கினார்கள். மழைக்காலம் ஓய்ந்த பிறகும் பாறையடித் தண்ணீர் எலும்பு வரைக்கும் சில்லிட்டது. ஓர் இடுக்கைக் காட்டினார் ஆசான்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற கருநீல மீன் ஒன்று. விலை போகாத மீன், அதனால் ஊரில் அதற்கு யாரும் பேர்கூட வைக்கவில்லை. அதன் முன்னால் பாறையில் கசகசா தூவினாற்போல முட்டைகள்.

எப்ரேம் கையை நீட்டினார். மீன் பாய்ந்து வந்து விரலைக் கடித்தது. மறுபடி நீட்டினார். மறுபடியும் கடி. ஆளுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? ஆனாலும் அது ஒதுங்கவில்லை.

மேலே வந்ததும் மூச்சு வாங்கக் கேட்டார்.

"அது தாயா?"

"தகப்பன். தாயி முட்டைய ஒட்டிட்டுப் போயிரும். காவலு இவனுக்கு."

"தகப்பன்னா இவனாக்கும்!"

எப்ரேமுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆசான் தன் பக்கம்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

"சனிக்கெழம வாரும்," என்றார் ஆசான். "மவளுக்க காரியம் அப்பம் பேசுவோம்."

சனிக்கிழமை விடிந்ததும் வந்து நின்றார் எப்ரேம். மகள் அன்றைக்கும் வாய் திறக்கவில்லை. மறுநாள் மூன்றாம் ஓலை.

ஆசான் கடலைக் காட்டினார்.

முங்கினார்கள். பாறை மொட்டையாக இருந்தது. பேருக்குக்கூட ஒரு முட்டை இல்லை. மீன் மட்டும் அதே இடத்தில் பாசியைக் கொத்திக்கொண்டு நின்றது. எப்ரேம் விரலைக் கொண்டுபோய் வைத்தார். அது சட்டை செய்யவில்லை.

மேலே வந்தவர் பதறிப்போய்க் கத்தினார்.

"எந்தக் களவாணி தின்னான்?"

"யாரும் தின்னல்ல. பொரிஞ்சுது. குஞ்சுவ கடலுக்குப் போயாச்சு."

"இவன் அதுகளுக்க பொறத்தால போவல்லியா?"

"இல்ல."

"அம்மாம் பெரிய கடலு! வழியில வேற மீனு தின்னாதா?"

ஆசான் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார்.

"செலத தின்னும்," என்றார்.

அந்தப் பதில் எப்ரேமைச் சுட்டது. மகளைப் பற்றி இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கோபமாகப் பொங்கியது.

"அப்பம் இவன் என்ன தகப்பன்? கடிச்சதெல்லாம் வெறும் வேசமா? நான் இப்பிடிக் கைவிட மாட்டேன் ஆசானே. எனக்க பிள்ளைய நல்லபடியாக் கரையேத்திட்டுத்தான் கண்ண மூடுவேன்!"

ஆசான் அவர் முகத்தையே பார்த்தார்.

"மீனக் கரையேத்தினா என்ன ஆவும், அண்ணே?"

முப்பது வருஷம் வலை இழுத்தவர் எப்ரேம். அவருக்குத் தெரியாததா? அவர் கை இடுப்பில் முடிந்திருந்த வீட்டுப் பூட்டின் சாவியைத் தொட்டது.

கழற்றிப் போட்ட சட்டையைக்கூட எடுக்காமல், ஈரத்தோடு வீட்டைப் பார்த்து ஓடினார்.