திங்கட்கிழமையின் வெறும் பெட்டி

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் முடித்த ரெஜினா, கோடை விடுமுறைப் பயிற்சிக்காக எட்டு வாரம் அணு ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர். வரும்போதே தன் ஊர்க் கடற்கரை மணலை இருபது பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதில் எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று ஓர் ஈயப் பெட்டிக்குள் வைத்து அளப்பதுதான் அவள் வேலை.

வழிகாட்டி டாக்டர் உமையாள் முதல் நாளே ஒரு விதி சொன்னார். திங்கட்கிழமை காலையில் பெட்டிக்குள் எதுவும் வைக்காமல் மூன்று மணி நேரம் அளக்கவேண்டும்.

"ஒண்ணுமே இல்லாத பெட்டியை எதுக்கு மேடம் அளக்கணும்?"

"அளந்துட்டு வா, சொல்றேன்."

இரண்டு வாரம் அளந்தாள். எண்கள் ஒன்றுபோலவே வந்தன. மேடமும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் திங்களன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அந்த நேரத்தில் ஒரு பொட்டலத்தை முடித்துவிடலாமே! போன வார எண்ணையே நோட்டில் எழுதிவிட்டு மணலை உள்ளே வைத்தாள். யார் பார்க்கப்போகிறார்கள்? யாரும் பார்க்கவில்லைதான்.

ஏழாம் வாரம் வரைபடங்களை அடுக்கியபோது, மூன்றாம் வாரம் அளந்த நான்கு பொட்டலங்களிலும் சீசியம் தலைகாட்டியது. தோரியம் என்றால் பரவாயில்லை, அது மண்ணோடு பிறந்தது. கதிர்வீசும் சீசியமோ யுரேனிய அணுவைப் பிளந்தால்தான் வரும். அது ஊர்க் கரைக்கு எப்படி வந்தது? சேதி வெளியே போனால் அங்கே மீன் வாங்க யார் வருவார்கள்? ரெஜினா தாள்களை அள்ளிக்கொண்டு மேடத்திடம் ஓடினாள்.

உமையாள் நான்கையும் நிதானமாகப் பார்த்தார்.

"அந்தத் திங்கட்கிழமை வெறும் பெட்டி என்ன சொல்லிச்சு?"

நோட்டில் எண் இருந்தது. அதைப் படித்துக் காட்டினால் அவள் தப்பிப்பாள், ஊர் மாட்டிக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் மேற்படிப்புக்கு மேடம் தருவதாகச் சொன்ன பரிந்துரைக் கடிதம் போய்விடும். அவள் நோட்டை மூடினாள்.

"அன்னைக்கு அளக்கல மேடம். முந்தின வாரத்து எண்ணைப் பார்த்து எழுதிட்டேன்."

உமையாள் திட்டவில்லை. எழுந்துபோய் அலமாரிப் பதிவேட்டைப் புரட்டினார். கருவியைச் சரிபார்க்கச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சீசியம் வில்லை உண்டு. அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளியன்று யாரோ அதை எடுத்திருந்தார்கள். அந்த மூன்றாம் வாரம் முடிந்து சனிக்கிழமைதான் அது திரும்பியிருந்தது. எதிரே ஒரு குறிப்பு: 'பெட்டித் தட்டுக்கு அடியில் கிடந்தது.'

முதலில் வெறும் பெட்டி, பிறகு பொட்டலங்கள் என்று மறுபடி அளந்தார்கள். இம்முறை ரெஜினா பெட்டியை விட்டு நகரவே இல்லை. மறுநாள் மாலை நாலாவது பொட்டலமும் முடிந்தது. வரைபடத்தில் சீசியம் எழும் இடத்தில் ஒன்றுமே இல்லை. அவள் ஊர் மணல் சுத்தம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டாள். உமையாள் பேனாவை நீட்டினார்.

"ஒரே ஒரு கோடு போடு. அடியில இருக்கிற எண் தெரியணும். பக்கத்துல நீ செஞ்சதை எழுதி, கையெழுத்துப் போடு."

போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். உமையாளே கடிதப் பேச்சை எடுத்தார்.

"கடிதம் தருவேன். இதையும் அதுல எழுதுவேன்."

ரெஜினா தலையாட்டினாள். மனசு லேசாகியிருந்தது. வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"வெறும் பெட்டியை எதுக்கு அளக்கணும்னு கேட்டேன். சொல்றேன்னீங்க. இன்னும் சொல்லலியே மேடம்."

உமையாள் பெட்டியின் கனத்த கதவைச் சாத்தினார்.

"நம்ம பெட்டி அழுக்கை உங்க ஊர் தலையில கட்டிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."